இருநூறு வரை எண்ணச் சொன்ன டாக்டரம்மா

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் தென்காசியிலும் செங்கோட்டையிலும் தெருவுக்கு இரண்டு பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் பிரசவம் பார்த்த வீடுகளில் பாதிப்பேர் பெண் குழந்தைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். "ஊர்ல வேற பேரே கெடையாதா உங்களுக்கு?" என்று அவர் சத்தம் போட்டுப் பார்த்தார். ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்கள் எல்லாரும் டாக்டரம்மா என்றுதான் சொன்னோம். இங்கேயும் அது போதும்.

நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லை. தென்காசியில் குற்றாலம் ரோட்டில் கார் பட்டறை வைத்திருந்தவன். டாக்சி, ஜீப், செங்கல் லோடு அடிக்கிற லாரி எல்லாம் என்னிடம் வரும். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு திமிர் அப்போது எனக்கு இருந்தது. எண்பத்து மூன்றா, நாலா, சரியாக நினைவில்லை. சாரல் தொடங்கியிருந்த சமயம். ஒரு லாரி வந்து என் பட்டறை வாசலில் ஒரு காரை இறக்கிவிட்டுப் போனது.

காரின் உயரம் என் இடுப்புக்குத்தான் வந்தது. இரண்டே இருக்கை. முன்மூடி தகரம்கூட இல்லை, ஃபைபர். ஒற்றைக் கையால் தூக்கலாம். இங்கிலாந்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிற ஒரு லேடி டாக்டர், அங்கே ஓட்டிய காரையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார் என்று லாரிக்காரன் சொன்னான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் டி.வி. கொண்டுவருவார்கள், டேப் ரிக்கார்டர் கொண்டுவருவார்கள். இவர் இதைக் கொண்டுவந்திருந்தார்.

மறுநாள் அவரே வந்தார். நாற்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, காலில் கான்வாஸ் ஷூ. இங்கிலீஷில்தான் பேசுவார் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அவரோ செங்கோட்டைக்காரி.

"என்ன அண்ணாச்சி, தொறந்து பாத்தீங்களா?" என்றார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் ஆண்பிள்ளை யாரைப் பார்த்தாலும் அவருக்கு அண்ணாச்சிதான்.

"பாத்தேன் டாக்டரம்மா. எஞ்சினுக்குப் பக்கத்துல என்னமோ நத்தை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கே, அது என்ன?"

"அதான் டர்போ."

எஞ்சின் வெளியே தள்ளுகிற புகை வீணாகப் போகாமல் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுமாம். அந்தத் தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்குமாம். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. "ஏறுங்க" என்றார்.

ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் என்னை வைத்துக்கொண்டு ஓட்டினார். ஆக்சிலேட்டரை அழுத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற நேரம் வண்டி யோசித்துக்கொண்டிருந்தது. அப்புறம் என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. தலையில் துண்டு போட்டுக்கொண்டு குளிக்கப் போகிற ஜனம் ஒதுங்கி நின்று வாயைப் பிளந்தது. கனமில்லாத வண்டி, உள்ளே ஊதிக் கொடுக்கிற எஞ்சின். அது எப்படி ஓடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். திரும்பி வந்து இறங்கியபோது நான் சிரிக்கவில்லை.

அவர் இறங்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அணைக்கலையா?"

"இன்னும் முடியல அண்ணாச்சி."

இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். எல்லாரும் முடிந்துவிட்டது என்று எழுந்திருக்கிற நேரத்தில் அவர் உட்கார்ந்திருப்பார்.

காருக்கு அதில் காரணம் இருந்தது. அவ்வளவு வேகத்தில் சுற்றுகிற தண்டைத் தாங்குவது எஞ்சின் ஆயில்தான். விரட்டி ஓட்டிவிட்டு, வந்து நின்றதும் சாவியைத் திருப்பினால் ஆயில் வரத்து நின்றுபோகும். நத்தை மட்டும் நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருக்கும். உள்ளே தங்கிய ஆயில் கருகிக் கரியாகப் படியும். அடிக்கடி இப்படிச் செய்தால் ஒருநாள் தண்டு இறுகி நின்றுவிடும். அதனால் வண்டி நின்ற பிறகும் இரண்டு மூன்று நிமிஷம் எஞ்சின் சும்மா ஓட வேண்டும்.

இதை எங்கள் ஊர்க்காரனுக்குப் புரியவைப்பது லேசான காரியமா? ஆரியங்காவு மலை ஏறி முடித்ததும் சாவியைத் திருப்பி, புளியறை வரைக்கும் நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்குகிற டிரைவர்கள் நாங்கள். ரயில்வே கேட் மூடியிருந்தால் முதல் வேலை எஞ்சினை அணைப்பது. சும்மா ஓடுகிற எஞ்சினைப் பார்த்தால், தெருக்குழாயை யாரோ மூடாமல் போய்விட்டதுபோல எங்களுக்குக் கை பரபரக்கும்.

கீழப்பாவூரில் அதுதான் நடந்தது. பிரசவ வலி என்று ஆள் வந்து, டாக்டரம்மா அரக்கப் பரக்கப் போய் இறங்கி, எஞ்சினை ஓடவிட்டு உள்ளே ஓடியிருக்கிறார். அந்த வீட்டுப் பெரியவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மனசு கேட்கவில்லை. உள்ளே கையை விட்டுச் சாவியைத் திருப்பி உருவினார். டாக்டரிடம் வெறுங்கையால் கொடுக்கலாமா? தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, நடுவில் சாவியை வைத்து, பிரசவ அறை வாசலுக்கே கொண்டுபோய் நீட்டினார்.

"டாக்டரம்மா, அவசரத்துல வண்டிய அணைக்க மறந்துட்டீங்க. பெட்ரோல் வீணாப் போவுதுல்லா. நான் அணைச்சிட்டேன், கவலப்படாதீங்க."

டாக்டரம்மா அவரிடம் நன்றி சொல்லி வெற்றிலையையும் எடுத்துக்கொண்டார். மறுநாள் என் பட்டறைக்கு வந்துதான் பல்லைக் கடித்தார்.

ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டோம்: 'ஓடும் வண்டியை அணைக்காதீர்கள்.' அச்சன்புதூரில் ஒருவர் அதைச் சத்தம் போட்டு வாசித்துக்காட்டிவிட்டு அணைத்தார். டாக்டர் பாவம், மறந்துபோய் எழுதிவிட்டார் என்று நினைத்தாராம். ஒவ்வொரு தடவையும் நத்தையைக் கழற்றித் தண்டை ஆட்டிப் பார்ப்பேன். ஆட்டம் கூடிக்கொண்டே வந்தது. "இப்படியே போனா இன்னும் நாலஞ்சு தடவதான் தாங்கும்" என்றேன்.

கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். பிரசவ வீட்டில் எல்லாருக்கும் ஒரு வேலை உண்டு. வெந்நீர் போட ஒருத்தி, விளக்குப் பிடிக்க ஒருத்தி, சாமிக்கு நேர்ந்துகொள்ள ஒருத்தி. எதற்கும் உதவாமல் வாசலில் நின்று நகத்தைக் கடிப்பவன் ஒருவன்தான், பிள்ளையின் அப்பன். அவனைக் கூப்பிட்டார்.

"ஏய்யா, இங்கன வாங்க. இருநூறு வரைக்கும் எண்ணுங்க. ஓடாம நிதானமா எண்ணணும். எண்ணி முடிச்சபொறவு சாவிய இந்தப் பக்கம் திருப்புங்க. அதுவரைக்கும் ஒருத்தரையும் கிட்ட விடாதீங்க. உங்கப்பா வந்தாலும் சரிதான்."

அது பிடித்துக்கொண்டது. மனைவி உள்ளே கத்த, புருஷன் வாசலில் காரின் மேல் கையை வைத்துக்கொண்டு எண்ணுவான். தெருவே சுற்றி நின்று கூட எண்ணும். இலஞ்சியில் நூறுக்கு மேல் தெரியாத ஒருவன் நூறை இரண்டு தடவை எண்ணினான். "மாப்பிள்ளைக்கு வேற ஒண்ணும் தெரியாட்டாலும் பரவால்ல, இருநூறு வரைக்கும் எண்ணத் தெரியுமில்லா?" என்று கல்யாண வீடுகளில் கேலி பேசினார்கள். டாக்டரம்மா காருக்கு எண்ணினேன் என்பது ஆண்களுக்குள் ஒரு கௌரவமாகவே ஆகிவிட்டது.

உள்ளேயும் அவர் அதே ஆள்தான் என்று அவர் வேலை பார்த்த தென்காசி ஆஸ்பத்திரியின் நர்சுகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். குழந்தை அழுததும் வீடே கலகலக்கும். வாசலில் கல்கண்டுத் தட்டு வந்துவிடும். "முடிஞ்சிட்டு, நல்லபடியா பெத்துட்டா" என்று மாமியார்க்காரி கையெடுத்துக் கும்பிடுவாள். டாக்டரம்மா பெற்றவளின் அடிவயிற்றில் கையை வைத்தபடி, "இன்னும் முடியல ஆச்சி" என்பார். இரண்டு மணி நேரம் அந்தக் கையை எடுக்கமாட்டார். காப்பி ஆறிப்போகும். யார் போகச் சொல்லியும் அவரைப் போகவைக்க முடியாது. சினிமாக் கொட்டகையிலும் திரை வெள்ளையாகிற வரை உட்கார்ந்திருப்பாராம். கல்யாண வீட்டில் சமையல்காரர்கள் இலை போட்டு உட்கார்ந்த பிறகுதான் கிளம்புவாராம். சிலருக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது.

எனக்கும் இருந்தது. ஒரு தடவை இலஞ்சி கேட்டில் ரயிலுக்காக நின்றோம். ரயில் போய்விட்டது, கேட்டும் தூக்கியாகிவிட்டது. இவர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு இன்னும் நிற்கிறார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் தள்ளுகிறான்.

"ரயில்தான் போயிட்டுல்லா டாக்டரம்மா, எதுக்கு நிக்கீங்க?" என்று சலித்துக்கொண்டேன்.

வண்டியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "எங்கக்கா பிள்ள பெத்தப்ப நான் பள்ளிக்கூடம் படிக்கேன். நல்லபடியா பொறந்துட்டுன்னு எல்லாரும் வாசலுக்கு வந்துட்டோம். நான்தான் தெருவுல கல்கண்டு குடுத்தேன். அரைமணி நேரம் கழிச்சு உள்ள போயிப் பாத்தா, பாய் முழுக்க ரத்தம். அவ கிட்ட ஒருத்தரும் இல்ல." அதற்கப்புறம் நான் அவர் தாமதத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை.

காரை விற்றுவிட்டு ஜீப் வாங்கச் சொல்லி ஊரே அவருக்குப் புத்தி சொன்னது. நானும் சொன்னேன். மழையில் நனைந்தால் நின்றது, நம் ஊர்ப் பெட்ரோலுக்கு எஞ்சின் உள்ளே தட்டியது, வயல்வரப்பு ரோட்டில் அடி உரசியது. ஒருநாள் சேற்றில் இறங்கிவிட்டது. நடவு நட்டுக்கொண்டிருந்த ஆறு பெண்கள் கரையேறி வந்து, காரை அப்படியே தூக்கி ரோட்டில் வைத்துவிட்டார்கள். "சீமைக் காருன்னாவ, கோழிக்கூண்டு கனங்கூட இல்லியே!" என்று ஒருத்தி கையைத் தட்டிக்கொண்டாள். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "ஜீப்ப இப்படித் தூக்க முடியுமா?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

எஞ்சின் தட்டுகிறதே என்று ஒருநாள் அவரிடம் கேட்காமலே நத்தை ஊதுகிற அழுத்தத்தைக் குறைத்து வைத்தேன். குத்துக்கல்வலசை தாண்டுவதற்குள் கண்டுபிடித்துத் திரும்பி வந்துவிட்டார்.

"நத்தைய என்ன செஞ்சீங்க?"

"கொஞ்சம் அடக்கி வச்சிருக்கேன். நீங்க மிதிக்கிற மிதிக்கு எஞ்சின் பொத்துப்போவும்."

"அடக்கி வச்சா எத்தன வருசம் ஓடும்?"

"உங்க காலம் முழுக்க ஓடும்."

"அப்ப அப்படியே இருக்கட்டும். நான் என்ன பந்தயத்துக்கா போறேன், பண்பொழிக்குல்லா போறேன். ஆனா இனிமே எங்கிட்ட கேக்காம ஒரு நட்டத் தொடக்கூடாது." குரலில் ஒரு கண்டிப்பு இருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த வருஷம் சாரலில் என் மனைவிக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி செங்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். மத்தியானம், மழை தூறிக்கொண்டிருந்தது. வலி கண்டுவிட்டது என்று என் மைத்துனன் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியிருக்கிறான். டாக்டரம்மா போகிற வழியில் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தார். "ஏறுங்க" என்றார். கையில் கிரீஸைக்கூடத் துடைக்காமல் ஏறினேன்.

அன்றைக்கு அவர் ஓட்டியதுபோல் அதற்கு முன்னால் ஓட்டியதில்லை. செங்கோட்டையில் நின்றபோது நத்தையின் சூடு என் முழங்காலில் அடித்தது. "வண்டியப் பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாத்துக்கோங்க என்றாலே எனக்குப் போதும். எத்தனை புருஷன்மாரை நான் ஏசியிருப்பேன்! எண்ணத் தெரியாத பயலுக்கு எதற்குப் பிள்ளை என்று வாய்கூசாமல் பேசினவன் நான்.

எண்ணத் தொடங்கினேன். முப்பத்தாறில் உள்ளே இருந்து அவள் கத்தினாள். அந்த மாதிரி ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது. சாவியைத் திருப்பிவிட்டு உள்ளே ஓடினேன்.

ஓடி என்ன கண்டேன்? அறை வாசலில் நான்கு பெண்கள் என்னைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். "ஆம்பளைக்கு இங்கன என்ன வேல?" என்று மாமியார் கதவைச் சாத்தினார். நான் முற்றத்தில் நின்றேன். காரை மறந்தே போனேன். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுதது. பெண் என்றார்கள். நான் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

முக்கால் மணி கழித்துக் கதவு திறந்தது. டாக்டரம்மா தலையை மட்டும் நீட்டினார்.

"அண்ணாச்சி, ரத்தம் நிக்கல. ஊசி போட்டாச்சு. தென்காசிக்குக் கொண்டுபோவணும். வண்டிய எடுங்க."

சாவியைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. நத்தை கிறீச் என்று ஒரு சத்தம் போட்டது, பிறகு சத்தமே இல்லை. பின்னால் வெள்ளையும் நீலமுமாகப் புகை கிளம்பித் தெருவை மூடியது. சத்தத்தைக் கேட்டு நோய் சொல்கிறவன் இல்லையா நான்? தண்டு இறுகிவிட்டது என்று அந்தக் கணமே தெரிந்தது. யார் செய்த வேலை என்பதும் தெரிந்தது.

இரண்டே இருக்கை. இடது பக்கத்தில் டாக்டரம்மா உட்கார்ந்து என் மனைவியை மடியில் வாங்கிக்கொண்டார். ஒரு முஷ்டியை அவள் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். நான் ஓட்டினேன். மிதித்தாலும் வண்டி தவழ்ந்தது. முன்னால் போன மாட்டுவண்டியைத் தாண்ட எனக்கு இடம் இருந்தும் இழுவை இல்லை. கனமில்லாத வண்டி என்பதால்தான் அந்த அளவாவது நகர்ந்தது. ஆயில் குறைகிறது என்று டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. "ஏட்டி, கண்ண மூடாத, என்னப் பாரு, என்னப் பாரு" என்று டாக்டரம்மா அவளிடம் பேசிக்கொண்டே இருந்தார். பிரானூரிலிருந்து தென்காசி வரைக்கும் நான் கும்பிடாத சாமி இல்லை.

போய்ச் சேர்ந்தோம். மைத்துனன் பஸ்ஸில் வந்து ரத்தம் கொடுத்தான். அவள் பிழைத்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் முன்னால் போய் நின்றேன்.

"நான் இருநூறு எண்ணல டாக்டரம்மா. முப்பத்தாறுல அணைச்சிட்டேன்."

"தெரியும். உள்ளதான இருந்தேன். சத்தம் நின்னது கேட்டுச்சு."

"என்னைய நாலு வார்த்த ஏசுங்க."

"ஏசுனா நத்தை சுத்துமா?" என்றார். கையிலிருந்த நோட்டைப் புரட்டினார். "மேக்கரையில ஒருத்தி இருக்கா. இது ரெண்டாவது. முதப் பிரசவத்துல உங்க வீட்டுக்காரிக்குப் போனமாதிரியே ரத்தம் போயி, தப்பிச்சதே பெரிய காரியம். இங்கன வந்து தங்குன்னு கூப்பிட்டுப் பாத்துட்டேன். ஆஸ்பத்திரின்னா வயித்தக் கீறிருவாங்கன்னு பயப்படுதாங்க. இன்னும் இருபத்தோரு நாளு. அதுக்குள்ள வண்டி ஓடணும்."

"இங்கிலாந்துல இருந்து சாமான் வர மூணு மாசமாவும்."

"அப்ப நீங்கதான் செய்யணும்" என்று சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வேன் ஒன்று இருந்தது. அதற்கு டிரைவரைத் தேடிப் பிடித்துக் கிளம்புவதற்குள் பிள்ளைக்குக் காது குத்திவிடலாம். டாக்சியும் அப்படித்தான். செய்தி வந்து, வண்டி பிடித்து, மேக்கரை போய்ச் சேர்கிற நேரம் அந்தப் பெண்ணுக்கு இருக்காது. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, என் வீட்டிலேயே பார்த்திருந்தேன். பட்டறையில் இருந்த மற்ற வண்டிகளை எல்லாம் வேறு பட்டறைக்கு அனுப்பினேன். நத்தையைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் ஜெனரேட்டர்களுக்கு லேத் வேலை பார்க்கிற ஒருவர் இருந்தார். கப்பல் எஞ்சின்களிலும் இதே நத்தை உண்டு, ஆனால் அண்டா அளவில். என்னுடையதைக் கையில் வாங்கி, "இது குட்டில்லா?" என்றார். தண்டைச் சுற்றி உட்காரும் பித்தளை வளையம் கருகிப் பிடித்திருந்தது. புதிதாகக் கடைய வேண்டும். ஆயில் நிற்கத் தலைமுடி கனத்தில் பாதி இடைவெளி வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முதலில் கடைந்தது இறுக்கம். பூட்டி ஓட்டியதும் புளியறையில் சத்தம் போட்டு நின்றது. இரண்டாவது லூஸ், புகையாகத் தள்ளியது. மூன்றாவதைக் கடையும்போது அவர் பக்கத்திலேயே மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். போதும், சரியாகிவிட்டது என்று அவர் சொன்ன பிறகும் இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன். "சவம், உம்மகிட்ட எவன்வே மாரடிப்பான்" என்றார். ஆனாலும் அளந்தார்.

பூட்டினேன். டாக்டரம்மா வந்து கேட்டார், "நம்பலாமா?"

"ஓடுது."

"ஓடுதான்னு கேக்கல."

இருபது தடவை ஆரியங்காவு ஏறி இறங்கிக் காட்டுகிறேன் என்றேன். பகலில் நாலு, ஐந்து என்று விரட்டி ஏற்றினேன். மேலே போய் நின்று, எண்ணி, அணைத்து, சூடு ஆறியதும் மறுபடி கிளப்புவேன். மேலே கேரள செக்போஸ்ட் சேட்டன் என்னை அரிசி கடத்துகிறவன் என்றே முடிவு கட்டிவிட்டார். "எந்தா அண்ணாச்சி, ஒரு திவசம் அஞ்சு பிராவஸ்யம்?" என்று, ஒரே நாளில் ஐந்து தடவை நான் வந்ததைக் கேட்டுக்கொண்டே சீட்டுக்கு அடியில் தட்டித் தட்டிப் பார்த்தார். வண்டியில் ஒரு கைப்பிடி அரிசி ஒளிக்கவும் இடமில்லை என்பது அவருக்கு ரொம்ப வருத்தம்.

பதினெட்டாவது தடவை ஏறி இறங்கிப் பட்டறைக்கு வந்தபோது, மேக்கரை பஸ் டிரைவர் வண்டியை நடுரோட்டில் நிறுத்தி ஹாரன் அடித்தார். "அண்ணாச்சி, டாக்டரம்மாட்ட சொல்லும். அந்தப் பிள்ளைக்கு வலி கண்டுட்டு!" மூன்று நாள் முந்திவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அவரை ஏற்றிக்கொண்டேன். இல்லை, அவர் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். செங்கோட்டை தாண்டிப் பண்பொழி ரோடு நேராக விழுகிற இடத்தில் மிதித்தார். ஒன்று, இரண்டு. நத்தை விசிலடித்தது. நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை, அந்த விசிலையே கேட்டுக்கொண்டு போனேன். ஒரு பிசிறு இல்லை. அன்றைக்குத் தென்னந்தோப்புகள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது.

மேக்கரையில் அவர் உள்ளே போனதும் நானும் அந்தப் பெண்ணின் புருஷனும் வண்டிக்குப் பக்கத்தில் நின்று சேர்ந்து எண்ணினோம். பையன் பிறந்தான். அரைமணி நேரத்தில் ரத்தம் வரத்தான் செய்தது. ஆனால் டாக்டரம்மாவின் கை எடுக்கப்படாமல் அங்கேயே இருந்தது, ஊசி தயாராக இருந்தது. ஒரு மணி நேரம் போராடினார். நின்றது. அதற்கப்புறமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. முழங்கை வரை கழுவிக்கொண்டார். புடவையில் ரத்தம் காய்ந்திருந்தது.

சாவியை என்னிடம் நீட்டினார். "நீங்க ஓட்டுங்க அண்ணாச்சி."

நான் தயங்கினேன். இந்தப் பதினெட்டு நாளும் அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மனசுக்கு ஆறியிருக்கும். பட்டறைக்கு வரும்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்க்காமல் நத்தையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். சாவியை வாங்கும்போதும் அப்படித்தான் வாங்கினேன்.

பண்பொழி வருவதற்குள் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கதவோரம் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, டாக்டரம்மா தூங்கிக்கொண்டிருந்தார். எதையும் முடிகிற வரைக்கும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷி, பாதி வழியில், நான் ஓட்டுகிற வண்டியில், நான் பூட்டிய நத்தையை நம்பித் தூங்குகிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைக்கக்கூட ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

செங்கோட்டை வந்தது, இலஞ்சி வந்தது. பள்ளங்களில் வண்டி குலுங்காமல் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். குற்றாலத்தில் அவர் வீட்டு கேட் வந்தபோது நிறுத்த மனசில்லாமல் தாண்டினேன். ஐந்தருவி வரைக்கும் போய்த் திருப்பிக்கொண்டு வந்தேன். அப்போதும் அவர் விழிக்கவில்லை. மறுபடியும் தாண்டிப் போனேன்.